எட்டுப் பல் பினியன்

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் இரண்டு ஜீப் ஹவுசிங்குகள், அதாவது சக்கர அச்சின் கூடுகள், எடைக்கு வந்திருக்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, தன்னிடமுள்ள சி.ஜே. 3பி ஜீப்புக்கு எதை வாங்குவது என்று திருவரங்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சிக்கல் அந்த 'ஒரே மாதிரி'யில்தான் இருக்கிறது. பழைய ஃபோர் வீல் வண்டியைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பாகம் தேடி அலைகிறார்கள். இந்த நாட்டில் ஜீப் பாகத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. கிடைத்த பாகம் எந்த வண்டியுடையது, எந்தக் காலத்தது, எதனோடு சேரும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். நாலு வண்டியின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஜீப் ஒன்றும் போலி ஆகிவிடாது, ஒவ்வொன்றும் இன்னதென்று தெரிந்து கட்டியிருந்தால். அது தெரியாமல் கட்டிய வண்டி, பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், ஓடுகிற பழைய இரும்புதான்.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. தன் வேலை இன்னொருவர் கணக்கில் போய்விடக் கூடாதென்று ஃபோர்டு தான் செய்த பாகங்களில், போல்ட்டுத் தலையில்கூட, தன் பெயரின் முதலெழுத்தைக் குத்தி அனுப்பியது. துருவைச் சுரண்டினால் இன்றும் அந்த எழுத்து தெரியும். சேஸின் முன்குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ், கவிழ்த்த பெட்டி போல இருந்தால் ஃபோர்டு. போர் முடிந்ததும் உபரி ஜீப்புகள் இங்கே விற்பனைக்கு வந்தன. நாற்பதுகளின் கடைசியில் மஹிந்திரா வில்லீஸ் வண்டிகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி-தான் நம் ஊர்க்காரர்கள் மனத்தில் உள்ள ஜீப். அதன் பானெட் உயரமாக நிற்பது அழகுக்காக அல்ல. பழைய எஞ்சினில் எல்லா வால்வும் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருந்தன. புதிதாக வந்த ஹரிக்கேன் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு மட்டும் தலைக்கு மேலே ஏறியது. எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. ஆனால் அதே துளை, அதே ஸ்ட்ரோக், அதே 2.2 லிட்டர். கீழே இருக்கும் பல பாகங்கள் பழைய எஞ்சினோடு உறவு வைத்துக்கொண்டே இருந்தன. இப்படி ஒவ்வொரு மாடலும் முந்தியதிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு வந்ததால்தான், நாற்பது வருட இடைவெளியில் செய்த இரண்டு பாகங்கள் ஒரே குவியலில் இரட்டைப் பிள்ளைகளாகக் கிடக்கின்றன.

இங்கே வந்தபின் கதை இன்னும் கலந்தது. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஜீப்புகள் டீசலுக்கு மாறின. கம்பெனியே மாற்றிக் கொடுத்ததும் உண்டு, பட்டறையில் மாற்றியதும் உண்டு. எழுபதுகளில் வந்த டீசல், இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழிவந்தது. எண்பதுகளில் பியூஜோவின் உரிமத்தில் செய்த எக்ஸ்.டி.பி. 4.90 வந்தது. அந்த எண்ணே அதன் அங்க அடையாளம்: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் துளை. பஞ்சாயத்து யூனியன் ஆணையருக்குக் கொடுத்த ஜீப், கம்பம், போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போன ஜீப், ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் என்று ஒவ்வொன்றும் தன் வேலைக்குத் தக்கபடி எஞ்சினையும் ஹவுசிங்கையும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. கம்பெனியை விட்டு வந்தபடியே இன்றுவரை நிற்கும் ஜீப்பைத் தமிழ்நாட்டில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி ஹவுசிங்குக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பின்னம் அதற்குள் இருக்கிறது, என் வரையில் ஜீப்பின் மிகச் சுவையான பகுதி அதுதான். போர்க்கால ஜீப்பில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு 39 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்துக்கு 8 பல். வகுத்தால் 4.875, இதைத்தான் 4.88 கிரவுன் என்கிறார்கள். போருக்குப் பின் விவசாயிகளுக்கென்று செய்த சி.ஜே. ஜீப்பில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு அதே 8. வகுத்தால் 5.375, இது 5.38. பல் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். ஏர் இழுக்க நினைத்த வண்டிக்கு அது சரி. இப்போது பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றாது, 5.38 கிரவுனோடு சேர்ந்தால் ரோட்டில் வண்டி ஊர்கிறது. உடனே பின் ஹவுசிங்கைக் கழற்றி 4.88 போடுகிறார்கள். முன்னாலும் மாற்ற வேண்டும், ஆனால் முன்ஹவுசிங்குக்கும் சேர்த்துச் செலவு செய்ய மனம் வருவதில்லை. நாள்தோறும் முன்சக்கரம் சும்மாதானே உருள்கிறது என்று விட்டுவிட்டால், வருடக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் ஃபோர் வீல் கம்பியைத் தள்ளும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஈடு செய்யும் அமைப்பு கிடையாது. கம்பி விழுந்ததும் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஷாஃப்ட் ஒரே வேகம், பல் கணக்கு வேறு வேறு. எனவே முன்சக்கரம் 100 மீட்டர் போக நினைக்கும் நேரத்தில் பின்சக்கரம் 110 மீட்டர் போக நினைக்கும். கொள்ளிடத்து மணலில் டயர் வழுக்கி அந்தப் பூசலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஜாயின்ட் உடையும், இல்லையென்றால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல் போகும். பழியை மெக்கானிக் மேலும் பேரிங் மேலும் போட்டுவிட்டு, அதே ஹவுசிங்கோடு மறுபடி ஓட்டுவார்கள்.

வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க ஹவுசிங்கைத் திறக்கக்கூட வேண்டாம். ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும். ஆகவே அதை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு நன்றாக முட்டுக் கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரம் அசையாமல் இருக்க, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் நின்றால் மற்றது இரண்டு சுற்று வந்தால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். அதற்குள் ஷாஃப்டில் சாக்பீஸ் போட்ட கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். பழைய மண்டிக் கணக்கில் சொன்னால், ஐந்தே காலே அரைக்கால் வந்தால் 43-க்கு 8, நாலே முக்காலே அரைக்கால் வந்தால் 39-க்கு 8. ஐந்துக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி, கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். முன்சக்கரத்திலும் இதையே செய்து பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். கடையில் தனியாகக் கிடக்கும் ஹவுசிங்கிலும் வழி இதுதான்: ஒரு பக்க டிரம்மை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றிப் பார்ப்பது. ஹவுசிங் திறந்திருந்தால் இன்னும் எளிது, கிரவுனின் விளிம்பிலேயே பல் எண்ணிக்கையைக் குத்தியிருப்பார்கள். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வில்லீஸ் வழி ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டை வலப்பக்கமாக வெளியே விடுவதால், ஹவுசிங்கின் உருண்டையும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளியே இருக்கும். உருண்டை நடுவில் இருந்தால் அது வேறு குடும்பம், எடைக்குக் கிடைத்தாலும் நட்டம். சக்கரத்தைக் கழற்றும்போது இடப்பக்க நட்டுகள் இடது மரையாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. பழைய வில்லீஸில் அப்படித்தான். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி முறித்த ஸ்டட்டுகளுக்குக் கணக்கே இருக்காது.

கிரவுனும் பினியனும் சோடியாகப் பிறந்தவை. கம்பெனியில் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பல்லைப் படிய வைத்து, இரண்டிலும் ஒரே சோடி எண்ணைக் குத்தி அனுப்புகிறார்கள். ஆட்டுக்கல்லும் குழவியும் போல ஒன்றுக்காக மற்றொன்று தேய்ந்தவை. இரும்புக் கடையில் கிரவுன் ஒரு குவியலிலும் பினியன் ஒரு குவியலிலும் போய்விட்டால், அந்த நிமிடமே இரண்டும் உதிரிபாகம் என்ற நிலையிலிருந்து இறங்கி வெறும் எஃகு ஆகின்றன. வேறு பினியனோடு கிரவுன் சேரத்தான் செய்யும், ஆனால் முனகும், சீக்கிரம் பல் உதிரும். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கிலோ விலைக்கு வாங்கியவர் கிலோ விலைக்குத்தான் பிரிப்பார். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் டயர் மண்ணில் புதையும்வரை நிறுத்தி வைத்து, மழையில் ஆயில் சீல் உளுத்து, ஹவுசிங்குக்குள் தண்ணீர் இறங்கியபின் 'கண்டம்' என்று எழுதி ஏலம் விடுகிறார்களே, கேள்வி அங்கிருந்து தொடங்க வேண்டும். ஓடும் நிலையில் ஏலம் போயிருந்தால் வண்டியாகப் போயிருக்கும். பத்து வருடம் நின்றபின் எடையாகத்தான் போகும். அரசுக்கும் அதில் வருமானம் குறைவே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். கலந்து கட்டிய வண்டியை நேர்மையானது என்று சொன்னால், 'ஒரிஜினல்' என்ற பேச்சுக்கே பொருளில்லாமல் போகாதா? மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதியும் ஒரிஜினலைத்தான் கேட்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் அது வின்டேஜ் வண்டி. அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கொடுக்கிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. மாளிகை ஷெட்டில் மூடி வைத்த ரோல்ஸ் ராய்ஸுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். உழைத்த வண்டிக்குப் பொருந்தாது. 1965-ல் பெட்ரோலில் பதிவாகி, 1980-ல் டிராக்டர் டீசல் ஏறி, அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் முத்திரையோடு பதிவாகியிருக்கிற ஒரு ஜீப், விதியின் கண்ணில் கலப்படம். ஆனால் பெட்ரோல் விலை ஒரு மாவட்டத்தின் போக்குவரத்தை எப்படி மாற்றியது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் எது? விதிக்குப் பயந்து அந்த டீசலைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்கிருந்தோ ஒரு ஹரிக்கேன் எஞ்சினைத் தேடிப் பூட்டினால், வண்டி ஒரிஜினல் ஆவதில்லை. அதன் நாற்பது வருட வாழ்க்கை அழிகிறது, அவ்வளவே.

அப்படியானால் போன மாதம் பொலிரோ எஞ்சினும் ஆளுயர டயரும் மாட்டிக்கொண்டு வருகிற ஜீப்பும் நாற்பது வருடம் கழித்து ஆவணம் ஆகுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். வித்தியாசம் இரண்டு. முன்னது பதிவேட்டில் ஏறியது, பின்னது பெரும்பாலும் ஏறாதது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறித்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டாவது, இயந்திரம் சம்பந்தப்பட்டது. 60 குதிரைத்திறனுக்கென்று பிறந்த டிரான்ஸ்ஃபர் கேஸும், மெல்லிய டயருக்கென்று செய்த முன் ஜாயின்ட்டும், டிரம் பிரேக்கும் புதிய பாரத்தைத் தாங்குமா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இதே கணக்கில்லாத ஆசைதான் ஜோங்கா விஷயத்திலும். தோனி 2019-ல் ஒரு ஜோங்காவோடு புகைப்படத்தில் வந்தபிறகு அந்த வண்டியைப் பற்றிக் கேட்காத இளைஞர் இல்லை. நிஸான் பேட்ரோலைத் தழுவி ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஜீப் பாகம் எதுவும் அதில் சேராது. ஜீப்பாவது குவியலில் கிடைக்கும், ஜோங்காவுக்குப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. படத்தைப் பார்த்து வாங்குகிறவர் இதைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ளத் திருச்சியைவிடத் தோதான ஊர் குறைவு. 1928-ல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையும், அறுபதுகளில் வந்த பெல் நிறுவனமும் இந்த ஊரில் ஒரு லேத்துப் பரம்பரையையே வளர்த்திருக்கின்றன. கிங் பின்னோ, புஷ்ஷோ, ஷாஃப்டின் முனையோ மாதிரி கொடுத்தால் நூலளவு பிசகாமல் கடைந்து தருவார்கள். கிரவுன், பினியனை மட்டும் கடைய நினைக்க வேண்டாம். அந்தப் பல்லின் வளைவும் அதன் மேல்தோல் கடினமும் தனி எந்திரமும் சூளையும் கேட்பவை. புதிதாகக் கடைந்த பாகத்தில் ஆண்டையும் பட்டறையின் எழுத்தையும் ஒரு மூலையில் குத்தச் சொல்வது நல்ல பழக்கம். ஃபோர்டு அன்றைக்குத் தன் பெருமைக்காகக் குத்தியது இன்று எத்தனை பேருக்கு வழிகாட்டுகிறது! திருவரங்கத்து வாசகருக்கு என் பதில் இது: இரண்டு ஹவுசிங்கையும் சுற்றி எண்ணிப் பாருங்கள். உங்கள் வண்டியின் முன்ஹவுசிங்கையும் எண்ணிக்கொள்ளுங்கள். அதோடு ஒத்துப்போவதை மட்டும், சோடி எண் சரியாக இருந்தால் மட்டும், எடை விலைக்கு மேல் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பர் சட்டத்தில் குத்திய நம்பரோடு ஒத்துப்போகிறதா என்பதை, இன்னும் பார்க்கவில்லையென்றால், அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அது ஒத்துப்போகாவிட்டால் ஹவுசிங் வாங்கும் செலவே வேண்டியதில்லை.