சம்மதம் கேட்காத சிகிச்சை

மனநோயாளி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க மலேசியாவில் இடம் தருவது 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அமலுக்கு வந்தது 2010இல். தோட்டத்தில் வசிப்பவர் என்றாலும் நகரவாசி என்றாலும் நடைமுறை ஒன்றே. உறவினர் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ப்பதற்கு முந்தைய ஐந்து நாள்களுக்குள் நோயாளியை நேரில் சோதித்த டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். அவர் மனநல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சேர்த்த 24 மணி நேரத்தில் மறுசோதனை நடக்கும். தேவைப்பட்டால் ஒரு மாதம் வைத்திருக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க, ஒரு மனநல நிபுணர் உட்பட இரு டாக்டர்கள் சோதிக்க வேண்டும்.

பிறருக்கு ஆபத்து என்றால்தான் அடைக்கலாம் என்றில்லை. நோயாளியின் சொந்த நலனே போதிய காரணம். இங்கேதான் அறச்சிக்கல் பிறக்கிறது. காதில் குரல் கேட்பவர் பலருக்குத் தாம் நோயாளி என்றே தோன்றாது. அவர் சம்மதத்துக்குக் காத்திருந்தால் நோய் முற்றிவிடும் என்பது ஒரு வாதம். மறுப்பதையே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டால், மறுக்கும் உரிமை யாருக்கும் மிஞ்சாது என்பது எதிர்வாதம். அறுவை, மின்னதிர்வுச் சிகிச்சை, மருத்துவ ஆய்வு ஆகியவற்றுக்குச் சட்டம் ஒப்புதல் கேட்கிறது. மருந்து, ஊசி போன்ற வழக்கமான சிகிச்சைகளுக்குக் கேட்பதில்லை.

முதல் கையெழுத்து குடும்பத்துடையது. இரவெல்லாம் கண்விழித்துக் களைத்த தாயும், சொத்துத் தகராறில் இருக்கும் அண்ணனும் நிரப்புவது ஒரே விண்ணப்பம்தான். இருவரின் நோக்கத்தையும் அந்தத் தாள் பிரித்துக் காட்டாது. வீடு திரும்பிய பிறகும் மனநோயாளி என்ற முத்திரை ஒட்டிக்கொள்கிறது. 1911இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால், அந்த ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது.

சிகிச்சை கிடைக்காததும் கொடுமையே. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழகத்தின் ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சிகிச்சைக்குப் பதில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்ததோடு, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேசுவது யார் என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் வழி செய்தது.

மலேசியா 2010இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் கொடிய, மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடுக்கும் 15ஆவது பிரிவுக்குக் கட்டுப்படவில்லை. 2023இல் தற்கொலை முயற்சியைக் குற்றமல்ல என்றாக்கி, போலீசோடு தீயணைப்பு வீரர்களும் தலையிட வழிவிட்டது. சிறைக்குப் பதில் மருத்துவமனை என்பது முன்னேற்றமே. நெருக்கடியில் கட்டாயத்தைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அது நியாயமாக இருக்க, குறுகிய காலக்கெடுவும், குடும்பத்தையும் மருத்துவமனையையும் சாராத மறுஆய்வும், நோயாளி முன்பே சொல்லிவைத்த விருப்பத்துக்கு மதிப்பும் வேண்டும்.