இந்தப் பாட்டு யாருடையது?

ஒரு பாட்டைக் கேட்டு முடித்ததும் "நல்ல பாட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அதற்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது குறைவு. வரிகளை எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் இன்னொருவர், பாடியவர் வேறொருவர், பதிவு செய்து வெளியிட்டவர் மற்றொருவர். சட்டமும் இவர்களைத் தனித்தனியாகவே பார்க்கிறது. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டைப் படைத்தவரின் உரிமை அவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பாடியவருக்குத் தன் பதிவின்மீது 50 ஆண்டுகள் உரிமை உண்டு.

இந்த வரிசையில் இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்து நிற்கிறது. அது இசை செய்யும் முறைகளுள் இரண்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, எழுத்திலிருந்து பாட்டு. சுனோ, யூடியோ போன்ற செயலிகளில் "மழைக்காலச் சோகப் பாட்டு" என்று தட்டினால் வரி, மெட்டு, குரல், வாத்தியம் எல்லாம் சேர்ந்து சிறிது நேரத்தில் வந்துவிடும். ஏராளமான ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகி, எந்த ஒலிக்குப் பின் எது வரக்கூடும் என்று கணிப்பதே அந்த இயந்திரத்தின் வேலை. இரண்டாவது, குரல் மாற்றம். இதில் முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் பாட வேண்டும். அவர் பாடியதன் ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு, குரலின் சாயலை மட்டும் வேறொருவருடையதாக இயந்திரம் மாற்றிவிடும்.

தமிழ்த் திரையிசையில் இந்த இரண்டாவது முறையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 2024 பெப்ரவரியில் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர் சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். கேள்விகள் எழுந்தபோது, இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டில் 'வேட்டையன்' படத்துக்காக, 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை அனிருத் பயன்படுத்தினார். அவருடைய மகன் யுகேந்திரனும் அந்தப் பாட்டில் பாடியிருந்தார். 2024 ஜனவரியில் எமது இலங்கையில் சிகிச்சை பெற்று வந்தபோது காலமான பவதாரிணியின் குரலை, அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா 'கோட்' படத்தில் கேட்கச் செய்தார்.

இவற்றுக்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தங்கள் அனுமதியின்றி உருவாக்கியதாகக் கூறி, 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தினருக்கு அவருடைய மகன் சரண் சட்ட அறிவித்தல் அனுப்பினார். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவருடைய குரலை அனுமதியின்றி இயந்திரத்தால் உருவாக்கிப் பயன்படுத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பதிப்புரிமை வரிகளையும் மெட்டையும் பதிவையும் காக்கும். ஒருவரின் குரல் சாயல் தனியாக ஒரு 'படைப்பு' அல்ல என்பதால் அது அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. அரிஜித் சிங் வழக்கு முக்கியமாவது அதனால்தான்.

சரி, செயலியில் நாலு வார்த்தை தட்டி நாமே ஒரு பாட்டுச் செய்தால் அது நம்முடையதா? ஐக்கிய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஒரு விடை உண்டு. கட்டளை வாக்கியத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வரும் விளைவுக்கு ஆசிரியர் என்று உரிமை கோர முடியாது. மனிதர் தாமே எழுதிய வரிகளுக்கும், தாமே தெரிந்து, ஒழுங்குபடுத்தி, மாற்றியமைத்தவற்றுக்கும்தான் பாதுகாப்பு. இது எனக்கு நியாயமாகவே படுகிறது. சமையற்காரரிடம் "காரமாக ஒரு கறி வேண்டும்" என்று சொன்னவர், கறியைத் தான் சமைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

அடுத்து, அந்த இயந்திரம் யாருடைய பாட்டுகளைக் கேட்டுப் பழகியது என்ற கேள்வி. சோனி, யுனிவர்சல், வார்னர் ஆகிய பெரிய இசை நிறுவனங்கள் தங்கள் பதிவுகள் அனுமதியின்றி எடுக்கப்பட்டதாகக் கூறி 2024 ஜூனில் சுனோ, யூடியோ நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தன. 2025இன் இறுதியில் அவற்றுள் சில, உரிமம் பெறும் உடன்படிக்கைகளாக முடிந்தன. பணமும் வழக்கறிஞரும் உள்ளவர்கள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். மறைந்த பாடகர்களுக்காகப் பேசக் குடும்பம் இருந்தது. பெயரே எழுதப்படாத பாடகர்களுக்காகப் பேசுவது யார்?

இந்தக் கேள்வி எமது மலையகத்துக்கு மிகவும் பொருந்தும். இங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து பறிக்கும்போது பாடுவது, காமன் கூத்துப் பாட்டு, பொன்னர் சங்கர் கதை என்று நீண்டுகொண்டே போகும். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கொண்டுவந்தவையும் உண்டு, இங்கேயே பிறந்தவையும் உண்டு. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி.வேலுப்பிள்ளை இவற்றைத் தேடிச் சேகரித்து நூலாக்கினார். அப்படி ஏட்டில் ஏறாதவை இன்னும் லயங்களில்தான் இருக்கின்றன.

நான் ஹட்டன் நகரத்துப் பிள்ளை. என்னோடு தனியார் வகுப்பில் படிக்கும் தோழி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறாள். இருவரும் ஒருநாள் ஒரு செயலியில் "மலையகத் தேயிலைத் தோட்டத் தாலாட்டு" என்று தட்டிப் பார்த்தோம். வந்தது அழகான பாட்டுத்தான். புல்லாங்குழல் இருந்தது, தென்றல் இருந்தது, பொன்னூஞ்சல் இருந்தது. லயம் இல்லை, பெரட்டுக்களம் இல்லை, பிள்ளைக்காம்பிராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய் இல்லை. சினிமாத் தாலாட்டுக்கு மலையகம் என்று பெயர் வைத்தது போலிருந்தது. நம்மிடமிருந்து சொற்பமாகவே கேட்ட இயந்திரம், மீதியை வேறெங்கிருந்தோ எடுத்து நிரப்பிவிடுகிறது. நாளை ஒரு பிள்ளை அதைக் கேட்டு "இதுதான் எங்கள் பாட்டு" என்று நம்பிவிடலாம்.

அப்படியானால் உண்மையான பாட்டையே பதிந்து, அதற்கு இயந்திரத்தால் பின்னணி இசை சேர்த்தால் என்ன என்று யோசித்தோம். தோழியின் அம்மாயி நன்றாகப் பாடுவார். அவரிடம் விளக்கிச் சொல்லிக் கேட்டபோது சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தாலாட்ட எடுத்துக்கங்க புள்ள. எந்தத் தோட்டத்துப் பாட்டுன்னு மட்டும் சொல்லிருங்க. ஒப்பாரி வேணாம். அது எந்தம்பிக்கு அழுதது."

அம்மாயி சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் கேட்டது சட்டத்திலேயே இருக்கிறது. மேற்சொன்ன புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பற்றியது. அவற்றை வணிகத்துக்காகவோ, வழக்கமான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதானால் அனுமதி பெற வேண்டும் என்கிறது. வெளியிடும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. "எந்தத் தோட்டத்துப் பாட்டுன்னு சொல்லிருங்க" என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒப்பாரியைத் தர மறுத்தாரே, அதற்குச் சட்டப் பிரிவு தேடத் தேவையில்லை. ஒருவர் நம்பி நம் கையில் தருவது அமானிதம். அவர் தராததை எடுக்க நமக்கு உரிமையில்லை.

செயற்கை நுண்ணறிவை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாத்தியம் வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளை தான் எழுதிய வரிகளுக்கு இசை கேட்டுப் பார்க்க அது உதவும். தேய்ந்துபோன பழைய ஒலிநாடாவின் இரைச்சலை நீக்கவும் உதவும். அதைக் கையில் எடுக்கும் நாம் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவரின் பாட்டையோ குரலையோ செயலிக்குள் இடுமுன் அவரிடம் கேட்க வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டும். போட்டிக்கோ விழாவுக்கோ கொடுக்கும்போது எது நாம் செய்தது, எது இயந்திரம் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் வந்தால் பாடியவருக்கும் பங்கு போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை. தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதுங்கள். கீழே அவருடைய பெயர், ஊர், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார், யாருக்குக் கொடுக்கச் சம்மதம் என்பவற்றையும் எழுதிவையுங்கள். அந்த நாலு வரிகள் இருந்தால்தான் நாளைக்கு யாராவது "இந்தப் பாட்டு யாருடையது?" என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்கும்.