கிளிக்கரா, கலர் அட்டையா? கல்லூரி வகுப்பில் கடைசி பெஞ்சையும் பதில் சொல்ல வைப்பது எப்படி?

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

நம்ம ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. முதல் பெஞ்சில் நாலு தலை ஆடும். பின்னாலிருந்து சத்தமே வராது. ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். புரிந்ததால் அமைதியா, புரியாததால் அமைதியா என்பது செமஸ்டர் ரிசல்ட் வரும்போதுதான் தெரியும்.

இந்த அமைதியை உடைக்கத்தான் கிளிக்கர், மென்டிமீட்டர், கஹூட் என்று வரிசையாகக் கருவிகள் வந்திருக்கின்றன. நான் மென்பொருள்காரன். கருவி என்றால் எனக்கு ஆசைதான். ஆனால் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் முக்கியம் என்று தெரிகிறது.

மேசூரின் முறை

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூர் 1991ல் தன் வகுப்பை மாற்றினார். அவர் மாணவர்கள் சூத்திரம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். அதே விஷயத்தை எண்களே இல்லாமல் கேட்டால் தடுமாறுவார்கள். அதனால் கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி என்று பிரித்தார். ஓரிரு நிமிடம் தனியாக யோசித்து ஒவ்வொருவரும் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதம் என்றால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்வார். பிறகு மறுபடியும் வாக்கெடுப்பு. அதற்கு அப்புறம்தான் விளக்கம்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து போகும் மின்சாரத்தை ஏன் அவ்வளவு உயர் அழுத்தத்தில் அனுப்புகிறார்கள்? கேள்வியை இப்படி வைக்கலாம்: அதே அளவு மின்திறன், அதே கம்பி. அனுப்பும் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்திறன் என்ன ஆகும்? ஏ: பாதி. பி: கால்வாசி. சி: இரண்டு மடங்கு. டி: நான்கு மடங்கு.

சரியான விடை பி. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால்வாசி. ஆனால் 'மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகு' என்று மனப்பாடம் செய்தவர் டியைத் தொடுவார். அந்தச் சூத்திரத்தில் வர வேண்டியது கம்பியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள அழுத்தம், நாம் அனுப்பும் மொத்த அழுத்தம் இல்லை. இதை மேடையிலிருந்து பத்து தடவை சொன்னாலும் ஏறாது. பக்கத்தில் இருப்பவன் "டேய், எந்த வோல்டேஜ்டா நீ போட்ட?" என்று கேட்டால் ஏறும்.

கருவி எவ்வளவு உதவுகிறது?

2008ல் கனடாவின் நதானியேல் லாஸ்ரி ஒரு ஒப்பீடு வெளியிட்டார். ஒரு பிரிவுக்குக் கிளிக்கர், இன்னொன்றுக்கு வெறும் அட்டை. முறை இரண்டிலும் ஒன்றே. கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கிளிக்கரால் ஆசிரியருக்குக் கணக்கெடுப்பது சுலபம், பதிவும் இருக்கும். அவ்வளவுதான்.

இந்தியாவிலும் சான்று உண்டு. ஐஐடி மும்பையில் சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் உள்ளிட்ட குழு, பெரிய முதலாண்டு புரோகிராமிங் வகுப்பில் 'தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, வகுப்போடு பகிர்' என்ற முறையை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டது. அந்த நேரங்களில் சராசரியாக 83 சதவீத மாணவர்கள் ஈடுபாட்டோடு இருந்தார்கள். பட்டனே தேவைப்படாத முறை இது.

வெறும் ஈடுபாடு மட்டும்தானா, பாஸ் ஆகிறார்களா? 2014ல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்கள் பங்கெடுக்கும் வகுப்புகளில் 21.8.

நமக்கு ஏன் இது முக்கியம்?

காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வரை கழுத்தில் ஐடி கார்டோடு பிள்ளைகள். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, எழுந்து பதில் சொல்வதில் இரண்டு பயம்: பதில் தப்பாகிவிடுமோ, இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ. அட்டையைக் காட்டுவதற்கு இங்கிலீஷ் வேண்டாம். அதற்கு அடுத்த விவாதத்தைத் தமிழிலேயே நடத்தலாம். "நோ தமிழ் இன் கிளாஸ்" என்று போர்டு மாட்டிவிட்டு இந்த முறையைக் கொண்டுவந்தால் பாதிப் பலன் போச்சு.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். டாப்பர் கை எப்போது போகிறது என்று பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். நாலு கலர் சார்ட் பேப்பரை வெட்டிக் கொடுத்து, சொன்னதும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் இருக்கிறது. மாணவர்களிடம் அச்சடித்த அட்டை மட்டும் போதும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ஆசிரியரின் போன் கேமரா படித்துக்கொள்ளும். வகுப்பில் அறுபது பேர் நெட்டைத் தேட வேண்டாம், வாட்ஸ்அப் பக்கம் போகவும் வழியில்லை.

இதற்கு இன்டர்னல் மார்க் வைக்காதீர்கள். வைத்தால் விவாதம் நின்று காப்பி ஆரம்பிக்கும்.

முதல் சில வாரம் மாணவர்களே முனகுவார்கள். ஹார்வர்டில் 2019ல் வெளிவந்த ஆய்வில், பங்கெடுத்துக் கற்றவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'குறைவாகத்தான் கற்றோம்' என்று நினைத்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் புரியாத மாதிரி இருக்கும். அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட் கிளாஸுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும் நிர்வாகங்களுக்கு என் யோசனை இதுதான். முதல் செமஸ்டர் கலர் அட்டையோடு ஓடட்டும். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஆசிரியரின் பாட நேரத்தைக் குறைத்து, பாடத்துக்கு முப்பது நல்ல கேள்வி எழுத விடுங்கள். மேலே பார்த்த மின்னழுத்தக் கேள்வி மாதிரி, தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தப்பான புரிதல் ஒளிந்திருக்க வேண்டும். அந்த முப்பதும் தயாரான பிறகு எந்தக் கருவியை வாங்கினாலும் வேலை செய்யும்.