சிக்கனப் பயணியும் உரோமாபுரியும்

புத்தளம் மாவட்டத்தின் வடகோடியிலே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில், குதிரைமலை என்னும் முனை ஒன்று உண்டு. அரபு நாட்டைச் சுற்றிச் சென்றுகொண்டிருந்த உரோமக் கப்பலொன்று காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ‘இப்புரோசு’ என்னும் துறையை அடைந்ததெனக் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி எழுதிவைத்துள்ளார். கிரேக்க மொழியில் ‘இப்போசு’ என்பது குதிரையைக் குறிக்கும். ஆதலின், அத்துறை நமது குதிரைமலையே என்று கருதுவோர் பலர்.

அக்கப்பலில் வந்தவர், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள். இலங்கை மன்னர் அவரை ஆறு மாதம் உபசரித்தார். அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளை எடுத்துப் பார்த்தபோது மன்னருக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் உருவங்கள் இருந்தன. ஆயினும் அவற்றின் எடை ஒன்றாகவே இருந்தது. ஆள்பவர் மாறினும் காசின் எடை மாறாத நாடு நேர்மையுடையதாகத்தான் இருக்கும் என்று மன்னர் எண்ணினார். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட குளோடியசு பேரரசரிடம் நான்கு தூதுவரை அனுப்பினார். இக்கதையின்படி நோக்கினால், இலங்கையிலிருந்து உரோமாபுரிக்குச் சென்ற பயணத்துக்குத் தொடக்கமாய் அமைந்தது, புத்தளக் கரைக்கு வந்தவரின் காசை மன்னர் நிறுத்துப் பார்த்த செயலே ஆகும்.

இன்றும் இக்கரையிலிருந்து உரோமாபுரிக்குச் செல்வோர் பலர். வென்னப்புவ, மாரவில, சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து பல்லாயிரவர் சில பத்தாண்டுகளாக இத்தாலிக்குத் தொழில் தேடிச் சென்றுள்ளனர். இத்தாலியப் பாணியில் எழுந்த வீடுகளின் காரணமாக வென்னப்புவப் பகுதிக்குச் ‘சின்ன இத்தாலி’ என்ற பெயரும் வழங்குகின்றது. அங்கு சென்றோரிற் பலர் முதியோரைப் பராமரித்தும், வீடுகளைத் துப்புரவு செய்தும், சமையலறைகளிற் பணி புரிந்தும் பொருள் ஈட்டுகின்றனர். அவர்களைக் கண்டுவரப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் புறப்படும்போதுதான் சிக்கனம் பற்றிய வினா எழுகின்றது.

2025ஆம் ஆண்டில் ஒரு யூரோவின் பெறுமதி 300 இலங்கை ரூபாவுக்கு மேற்பட்டதாக இருந்தது. ஊரில் நின்று கணக்கிடுபவருக்கு ஒரு கோப்பை கோப்பியும் மலைப்பைத் தரும். ஆனால், அந்த யூரோவை வெறும் ரூபாவாக மாத்திரம் மாற்றிப் பார்த்தல் போதாது. மகளோ மகனோ பிறர் வீட்டுத் தரையைத் துடைத்த நேரமாகவும் அதனை மாற்றிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பவரிடத்தே சிக்கனம் கஞ்சத்தனம் ஆகாது. அது உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகும்.

சிக்கனமாய்ப் பயணஞ் செய்யும் கலை இக்கரையோர் மக்களுக்குப் புதியதன்று. கற்பிட்டிக் குடாநாட்டிலே தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் செல்வோர் பாயும் பானையும் அரிசியும் கொண்டுசென்று, வாடி அமைத்து, தாமே சமைத்து உண்டு, பல நாள் தங்கி மீள்வர். முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும், உடப்புத் தீமிதிப்புக்கும் செல்வோரும் இவ்வழக்கம் அறிந்தவரே. நடப்பது, சுமப்பது, பகிர்ந்துண்பது, தெரியாததைக் கேட்டறிவது ஆகிய நான்குமே யாத்திரிகரின் முதல். உரோமாபுரியும் அடிப்படையில் ஒரு யாத்திரை நகரமே. 1300ஆம் ஆண்டில் எட்டாம் பொனிபாஸ் பாப்பரசர் முதலாவது யூபிலியை அறிவித்த காலந்தொட்டு, கையிற் காசில்லாதோரும் அந்நகரைத் தேடிச் சென்றனர். புனித பிலிப்பு நேரி 1548ஆம் ஆண்டில் தொடக்கிய சங்கம், 1550ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த ஏழைகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தது. ஏழை யாத்திரிகரை வரவேற்றுப் பழகிய நகரில் அவருக்கென்று வழிகள் இல்லாமற் போகுமா?

முதலில் புறப்படுமுன் ஆகும் செலவைக் கவனிப்போம். குறுகியகாலத் தங்கலுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் மாதம் முதல் 90 யூரோவாக இருக்கின்றது. 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு அதிற் பாதி. குறைந்தது 30,000 யூரோ வரையான மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் வேண்டும். இவ்விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம். உறவினர் வீட்டில் தங்குபவருக்கு அவர் எழுதும் அழைப்புக் கடிதம் தேவை. விருந்தினர் வந்து 48 மணி நேரத்துள் அவர் தங்கும் செய்தியை வீட்டார் அந்நாட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தலும் சட்டப்படி கடமையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுற்றுலா விசாவிற் சென்று அங்கே தொழில் செய்யலாம் என்று ஆசை காட்டும் தரகர்கள் உள்ளனர். குறுகியகால விசா தொழிலுக்கு உரிமை தராது. அவர் சொல்லை நம்பித் தென்னந்தோட்டத்தை ஈடுவைப்பவர், பயணச்சீட்டின் விலையைவிடப் பன்மடங்கு பெரிய தொகையை இழக்க நேரிடும். பயணத்தின் மிகப் பெரிய சிக்கனம், இத்தகைய பேச்சுக்குச் செவி சாய்க்காமையே.

காலத்தைத் தெரிவதிலும் பணம் மிஞ்சும். ஓகஸ்ற் மாதத்தில் உரோமாபுரியிலே வெயில் கடுமை. 15ஆந் திகதித் திருநாளை ஒட்டி உள்ளூர்க் கடைகள் பல மூடப்படும். நவம்பரிலும், ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலும் கூட்டம் குறைவு. விடுதி வாடகையும் தணிந்திருக்கும். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும், அவ்வளவே.

விமானம் பியூமிச்சீனோவில் இறங்கியதும் முதற் சோதனை தொடங்குகின்றது. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, நகரின் பழைய மதிலுக்குள் உள்ள இடங்களுக்கு டாக்ஸியின் நிலையான கட்டணம் 55 யூரோ. டெர்மினி என்னும் தலைமைப் புகையிரத நிலையத்துக்கு நேரே ஓடும் கடுகதி வண்டிக்கு 14 யூரோ. திராஸ்தேவரே முதலிய நிலையங்கள் வழியாகச் செல்லும் சாதாரணப் புகையிரதத்துக்கு 8 யூரோ. தனியே செல்பவருக்கு 8 யூரோ வண்டி போதும். பெட்டிகளோடும் முதியவரோடும் நால்வர் சேர்ந்து சென்றால், டாக்ஸியில் ஆளுக்கு 14 யூரோவுக்குக் குறையவே ஆகும். ஆகவே, மலிவானது எது என்பது எத்தனை பேர் செல்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

நகருக்குள் பஸ்ஸிலும் சுரங்கப் புகையிரதத்திலும் செல்லும் சீட்டு 1.50 யூரோ, அது 100 நிமிடம் செல்லுபடியாகும். ஏறியவுடன் அதனை இயந்திரத்தில் முத்திரையிடல் வேண்டும். மறந்தவருக்குச் சீட்டின் விலையைப்போற் பலமடங்கு தண்டம் விழும். டெர்மினிக்கும் வத்திக்கானுக்கும் இடையே ஓடும் நெரிசலான பஸ்களிலே முடிச்சவிழ்ப்போர் நடமாட்டம் உண்டு. பணப்பையை முன்புறம் வைத்துக்கொள்ளுதல் நன்று. கொலோசியம் என்னும் பழைய அரங்கிலிருந்து இராயப்பர் பேராலயம் வரை நாலு கிலோமீற்றர் அளவுதான். ஆலங்குடா மணலில் நடந்து பழகியவருக்கு இது ஒரு தூரமா?

உறவினர் வீட்டில் இடமில்லாதோர் துறவியர் மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்களை நாடலாம். அவை பொதுவாகத் தூய்மையானவை. இரவில் வாயில் அடைக்கும் நேரத்தை மட்டும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். அறை வாடகைக்குப் புறம்பாக, ஆளுக்கு இத்தனை என ஒவ்வோர் இரவுக்கும் நகரசபை வரி ஒன்றும் உண்டு. விடுதியின் தரத்துக்கேற்ப அது மாறும். கணக்கில் இதனைச் சேர்க்க மறந்தவர் கடைசி நாளிலே திகைப்பர்.

அந்நகரிலே தண்ணீரை விலைக்கு வாங்குதல் வீண். தெருக்களெங்கும் ஏறத்தாழ 2,500 இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கின்றன. 1874ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட இவற்றை, வளைந்த குழாயின் தோற்றங் கருதி ‘பெரிய மூக்கு’ என்று அந்நகரத்தார் அழைப்பர். இடையறாது ஓடும் குளிர்ந்த குடிநீர் அது. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துவாரத்தின் வழியே நீர் மேல்நோக்கிப் பாயும், குனியாமலே குடிக்கலாம். தண்ணீரைத் தொலைவிலிருந்து கொணர்ந்து ஊருக்குப் பொதுவாக வழங்குதல் அந்நகரின் பழைய அறம். கி.மு. 19ஆம் ஆண்டில் அக்கிரிப்பா அமைத்த கால்வாயின் வழிவந்த நீரே புகழ்பெற்ற திரேவி நீரூற்றில் இன்றும் விழுகின்றது. கோடையிலே குடிநீருக்குக் குடத்தோடு காத்திருந்த அனுபவம் உள்ளோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

உணவு விடயத்தில் அறியவேண்டிய முதல் விதி, கோப்பியை நின்று குடித்தல். ஒரே கடையில் ஒரே கோப்பிக்கு, மேசையில் அமர்ந்தால் ஒரு விலை. நின்று குடித்தால் அதனினும் குறைந்த விலை. பெரிய தட்டுகளிற் சுட்ட பீற்சாவை வெட்டி, எடை போட்டு விற்கும் கடைகள் உண்டு. இத்தனை அளவு என்று கையாற் காட்டினாற் போதும். டெர்மினிக்கு அண்மையில் உள்ள எசுக்குவிலீனோச் சந்தையில் அரிசி, பருப்பு, மிளகாய், மசாலை யாவும் கிடைக்கும். அடுப்பு வசதி உள்ளவருக்கு அச்சந்தையே அன்னசத்திரம்.

ஊரிலிருந்து பண்டம் கொண்டுசெல்ல விரும்புவோர் ஐரோப்பியச் சுங்க விதிகளை அறிதல் வேண்டும். இறைச்சியும் பாற்பண்டங்களும் விலக்கு. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளைச் சான்றிதழின்றிக் கொண்டுசெல்ல இயலாது. ஆனால், சொந்தப் பாவனைக்கான மீன்பொருட்கள் 20 கிலோ வரை அனுமதிக்கப்படும். தேங்காய்க்கும் சான்றிதழ் வேண்டியதில்லை. கற்பிட்டிக் கருவாடும் சிலாபத்துத் தேங்காயும் இத்தாலியின் வாயிலிலே தடைபடா என்பது இக்கரையோருக்கு இனிய செய்தியன்றோ! அவற்றை மணம் வெளிவராதபடி நன்கு பொதிசெய்தல் மட்டும் உடன்பயணிகளுக்குச் செய்யும் உதவியாகும்.

இனி, காணத்தக்கவை. உரோமாபுரியின் பெருஞ்செல்வங்கள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. இராயப்பர் பேராலயத்துள் நுழைய ஒரு சதமும் வேண்டாம். இறந்த மகனை மடியில் ஏந்திய தாயை மிக்கேலாஞ்சலோ பளிங்கில் வடித்த சிலை அதனுள்ளே இருக்கின்றது. அவர் செதுக்கிய மோயீசன் சிலை, இராயப்பரின் சங்கிலிகள் பேணப்படும் ஆலயத்தில் உண்டு. பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்திலே கரவாஜியோ தீட்டிய மத்தேயுவின் ஓவியங்கள் மூன்று உள்ளன. பெரும் அரும்பொருட் சாலைகள் விலைகொடுத்தும் பெற விரும்பும் இக்கலைப்பொருட்களை ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் நின்று காண்கின்றனர். தோளும் முழந்தாளும் மறைய உடுத்தல் வேண்டும். சிற்றாலயங்கள் பல நண்பகலில் மூடப்படுவதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். புதன்கிழமைகளிற் பாப்பரசர் மக்களைச் சந்திக்கும் கூட்டத்துக்கும் அனுமதிச் சீட்டு இலவசமே. பணங்கேட்டு அதனை விற்க வருபவரை நம்பலாகாது.

நடக்க வல்லவர், பிலிப்பு நேரி வழக்கப்படுத்திய ஏழு ஆலய யாத்திரையை மேற்கொள்ளலாம். இராயப்பர், சின்னப்பர், செபஸ்தியார், இலாத்தரன் அருளப்பர், திருச்சிலுவை, லோறன்ஸ், தேவமாதா ஆகிய ஏழு ஆலயங்களையும் இணைக்கும் அவ்வழி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வழியிலே, கி.மு. 312ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அப்பியப் பெருவீதியின் கருங்கற்களையும் மிதிக்கலாம்.

கட்டணம் உள்ள இடங்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. கொலோசியத்துக்கான சாதாரணச் சீட்டு 18 யூரோ. வத்திக்கான் அரும்பொருட் சாலைக்கு 20 யூரோ. ஆயினும், மாதத்தின் முதல் ஞாயிறன்று கொலோசியம் உட்பட அரசின் அரும்பொருட் சாலைகளும், கடைசி ஞாயிறன்று வத்திக்கான் சாலையும் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. பெருநாட்களோடு பொருந்தினால் வத்திக்கானில் இச்சலுகை இல்லை. ஆகவே, ஒரு மாதத்தின் கடைசி ஞாயிறும் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறும் அடங்குமாறு பயணத் திகதியைக் குறிப்பவர் எட்டே நாட்களில் இரண்டையும் காசின்றிக் கண்டுவிடலாம். விடியற்காலையிலே வரிசைக்குச் செல்லுதல் மட்டும் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இத்தாலியில் வீட்டுப் பணியாளர் பலருக்கு ஓய்வு கிடைப்பது வியாழன் பிற்பகலிலும் ஞாயிறன்றும்தான். அந்நகரில் ஆண்டுக்கணக்காக உழைத்தும், கொலோசியத்தைப் பஸ்ஸின் யன்னல் வழியாகவன்றி உள்ளே சென்று கண்டிராத பிள்ளைகளும் இருக்கக்கூடும். தமக்கென்று 18 யூரோ செலவிட மனமின்றி அதனையும் ஊருக்கு அனுப்பியிருப்பர். ஊரிலிருந்து வந்த தாய் அந்த ஞாயிறன்று மகளின் கையைப் பற்றிக்கொண்டு அவ்வரங்கினுள் நுழைவாளாயின், நகரத்தை முதன்முறை காண்பவர் ஒருவரல்லர், இருவராவர்.

ஆகவே, சிக்கனம் என்பது எல்லாவற்றையும் குறைத்தல் அன்று. தண்ணீரிலும் டாக்ஸியிலும் தரகரிடத்தும் காசைக் காக்கலாம். காப்புறுதியிலும், நல்ல காலணியிலும், பிள்ளையோடு அமர்ந்து உண்ணும் ஒரு வேளை உணவிலும் காத்தல் ஆகாது. குதிரைமலைக்கு வந்தவரின் காசிலே அன்று மன்னர் எடையைப் பார்த்தார். அதன்மேல் இருந்த முகத்தை அன்று. இன்று அக்கரையிலிருந்து புறப்படுபவரும் தம் கையிலுள்ள ஒவ்வொரு காசின் எடையையும் அறிந்து செலவிடுவாராயின், சிறு முதலிலும் அப்பெருநகரம் அவருக்குத் தன் வாயிலைத் திறக்கும்.