ஏறின கியரிலே இறங்கணும்!

மேல்நாட்டுப் பத்திரிகைகளில் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலைச் சாலை ஒன்று; இரு பக்கமும் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்து நிற்கும்; நடுவே கூரையை மடித்துவிட்ட ஸ்போர்ட்ஸ் கார்; தலையில் கட்டிய பட்டுத் துணி காற்றில் பறக்க, அதை ஓட்டிச் செல்வாள் ஒரு பெண். இலையுதிர் காலத்துச் சனி, ஞாயிறு உல்லாசப் பிரயாணமாம்!

நம் ஊரில் ஐப்பசி பிறந்தால் மரம் இலையை உதிர்ப்பதில்லை. வானம் நீரை உதிர்க்கிறது. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றார்கள் நம் முன்னோர். அந்தக் கூதிர் காலத்தில், திறந்த ஸ்போர்ட்ஸ் காரில், சிக்கலிலிருந்து கோடைக்கானல் வரை போய் வந்தோம், நானும் 68 வயதான என் அம்மாவும்.

சிக்கல் என்றதும் சிங்காரவேலர் கோயிலை நினைத்துவிடாதீர்கள். அது நாகப்பட்டினம் பக்கம். எங்கள் சிக்கல் ராமநாதபுரம் சீமையில், வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. கண்மாய், கருவேல மரம், மிளகாய் வத்தல் இவைதான் எங்கள் சொத்து. இந்த ஜில்லாவின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு கரடுகூடக் கிடையாது.

கிட்டங்கியில் தூங்கிய கார்

இப்படிப்பட்ட ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்தது? அப்பா செய்த வேடிக்கை அது. வத்தல் வியாபாரியான அவர், 1978-இல் யாரோ கைமாற்றிய பழைய எம்.ஜி. கார் ஒன்றை மதுரையிலிருந்து ஓட்டி வந்தார். ‘மோரிஸ் கராஜஸ்’ என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. இது 1949 முதல் 1953 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் தயாரான ‘டி.டி.’ ரகம். 1250 சி.சி. எஞ்சின், நாலு கியர், ஆட்கள் உட்கார இரண்டே இடம். முன் கண்ணாடியை மடக்கி, பானெட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம்.

“மழை விட்டதும் உன்னைக் கோடைக்கானல் கூட்டிப் போகிறேன்” என்று அம்மாவிடம் அப்பா சொன்னாராம். ஒரு வருஷம் மழை விட்டதும் களையெடுப்பு. மறு வருஷம் மழையே இல்லை. அதற்கடுத்த வருஷம் அண்ணன் பிறந்தான். கார் கிட்டங்கிக்குள் போயிற்று. அதன் மேல் சாக்கு. சாக்கின் மேல் வத்தல் மூட்டை. அப்பாவும் காலமாகிவிட்டார்.

அண்ணன்தான் அதை வெளியே இழுத்தான். இந்த ரகக் காருக்கு இன்றும் உதிரிப் பாகங்கள் புதிதாகச் செய்கிறார்கள் என்பது வெகு பேருக்குத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து அவை வந்து சேர, மதுரையில் ஒரு மெக்கானிக் பொறுமையாக இரண்டு வருஷம் உழைத்தார். அந்தக் காலக் காரில் இல்லாத சீட் பெல்டையும் பொருத்தினார். முதல் முறை ஓட்டியபோது, மெத்தையிலிருந்து கிளம்பிய வத்தல் தூளில் நாங்கள் எல்லோரும் தும்மியதுதான் கார் தந்த வரவேற்பு!

இருப்பது இரண்டு இடம். யார் போவது? “நான் ஓட்டுகிறேன், தங்கச்சி பக்கத்தில் உட்காரட்டும். அம்மா ஜீப்பில் வரட்டும்” என்றான் அண்ணன்.

“அந்தக் காரிலே ஏற வேண்டியவங்க அத்தைதான். நீங்க ஸ்டியரிங்குக்குப் பின்னாலே உட்கார்ந்தா தொந்தி இடிக்குது. அவங்க ஓட்டட்டும்” என்று மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அண்ணன் சாமான்களோடு ஜீப்பில் பின்தொடர்வது என்று முடிவாயிற்று.

மேகத்தைத் தேடி

சனிக்கிழமை விடிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். அம்மா மடியில் புளியோதரைத் தூக்கு. வயலில் நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஊர். கண்மாயில் நீர் இல்லை. “மழை வந்திடக் கூடாதே” என்று திறந்த காரில் நான் வேண்டிக்கொள்ள, “மழை வந்திடாதா” என்று ஜீப்பில் அண்ணன் வேண்டிக்கொண்டான். கடவுள் யார் பேச்சைக் கேட்பார்?

முதுகுளத்தூர், பரமக்குடி, மானாமதுரை, மதுரை. பரமக்குடியிலிருந்து சாலையும் வைகையும் கூட்டாளிகள். வருஷநாட்டு மலையில் பிறந்து கீழே வரும் வைகை, மிச்சமிருந்தால்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேரும். தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

தாழ்ந்த காரில் நெடுந்தூரம் போவது எப்படி என்கிறீர்களா? பாயில் உட்கார்ந்தபடி மாட்டு வண்டியில் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கண்டம். லாரிச் சக்கரம் நம் முகத்துக்கு நேரே சுழலும். அறுபது கிலோமீட்டர் வேகம் நூறு போலத் தோன்றும். பெண்மணிகளுக்கு ஒரு யோசனை: தலைப்பை இடுப்பில் செருகி, தலையில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். முந்தானை காற்றில் பறப்பது படத்துக்கு அழகு. திறந்த காரில் ஆபத்து.

வத்தலக்குண்டில் காப்பி. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர் அது. அடிவாரத்திலிருந்து மலைச் சாலை 50 கிலோமீட்டர் போல நீள்கிறது. மோட்டார்ச் சாலை வருவதற்கு முன்னால், பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையில் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்களாம். சுமந்தவர்களின் தோள் என்ன பாடுபட்டிருக்கும்!

ஏறுவதில் கஷ்டமே இல்லை. இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமாகக் கார் பாடிக்கொண்டே ஏறிற்று. டம்டம் பாறைப் பக்கம் நின்று எதிரே எலிவால் அருவியைப் பார்த்தோம். 975 அடி உயரத்திலிருந்து, பெயருக்கு ஏற்றாற்போல மெல்லிய வெள்ளை வாலாகத் தொங்குகிறது. மேலே போகப் போக எஞ்சின் சற்றே களைத்தது. காரின் குற்றமல்ல, ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போலப் பலம் குறையும். காற்று மெலிந்துவிடுவதால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது.

ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் ஊர். வெள்ளி அருவியின் சாரல் முகத்தில் பட்டதும் அம்மா, “ஏ அம்மாடி, ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கே!” என்றாள்.

மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கிய ஏரியைச் சுற்றினோம். மறுநாள் காலை குறிஞ்சி ஆண்டவர் கோயில். இதை 1936-இல் கட்டியவர் ஒரு பெண்மணி. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி அம்மையாரானவர். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். 2018-இல் பூத்தது, இனி 2030-இல். “அதுக்கும் வரணும்” என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தாள் அம்மா.

கிணற்றுக் கயிறு

ஞாயிறு மதியம் இறங்கத் தொடங்கினோம். மேகம் சாலை வரை தாழ்ந்திருந்தது. நானோ சென்னைச் சமவெளியில் கார் பழகியவள். ஏறும்போது தானாகச் சின்ன கியருக்கு மாற்றியவள், இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், எங்கிருந்தோ தீய்ந்த வாடை.

“யாரோ அடுப்பிலே பாலை வச்சு மறந்துட்டாங்க போல” என்றாள் அம்மா.

அடுத்த வளைவில் தெரிந்தது, பால் அல்ல, பிரேக் என்று. மிதித்த கால் மெத்தையில் அமிழ்வது போலக் கீழே போயிற்று. கார் நிற்கவில்லை. இடப் பக்கம் பள்ளம். அதில் முழுக்க வெள்ளை மேகம். என் கை வியர்த்தது. அம்மாவின் குரல் மட்டும் ஏறவே இல்லை.

“எந்தக் கியரிலே ஏறினே?”

“இரண்டிலேம்மா.”

“இரண்டிலே போடு. ஏறின கியரிலேதான் இறங்கணும். உங்க அப்பா குமுளிப் பக்கம் லாரி அனுப்பும்போதெல்லாம் டிரைவர்கிட்டே சொல்றதுதான். எத்தனை தடவை கேட்டிருக்கேன்!”

கிளட்சை மிதித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இரண்டாவது கியரில் போட்டேன். எஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்தது. கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப் பக்கத்தில் அகலமான இடம் வந்ததும் ஒதுக்கினேன். அண்ணன் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

என்ன நடந்தது என்று அண்ணன் பிறகு விளக்கினான். பழைய காரின் பிரேக் ஓர் உருளை. உள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து அதைத் தேய்த்து நிறுத்துகின்றன. ஓயாமல் தேய்த்தால் உருளை சூடேறி விரிந்து, கட்டையிலிருந்து விலகிவிடும். கட்டையும் பிடிப்பை இழக்கும். புதுக் கார்களின் தட்டுப் பிரேக் இதைவிட நன்றாகச் சூட்டைத் தாங்கும். ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

எனக்குக் கிணறு ஞாபகம் வந்தது. வாளியை இறக்கும்போது கயிற்றை உள்ளங்கையில் வழுக விட்டால் தோல் உரியும். கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து இறக்கினால் ஒன்றும் ஆகாது. பிரேக் என்பது வழுகும் கயிறு. சின்ன கியர் என்பது மாற்றிப் பிடிக்கும் கை.

மலைக்குப் போகும் நேயர்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள். தானியங்கிக் கியர் வண்டியிலும் இறக்கத்துக்கென்று ‘எல்’ அல்லது ‘2’ என்ற நிலையோ, கையால் கியரைக் குறைக்கும் வசதியோ இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை நீளமாக மிதிக்காமல் விட்டு விட்டு மிதியுங்கள். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சுட்ட உருளையில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வந்த இ-பாஸ் முறையையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் மிச்சமிருந்த புளியோதரையைத் தின்றபடி காத்திருந்தோம். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. மேல்துணியை இழுத்துப் போட்டும் பக்கவாட்டில் சாரல். அம்மா குடையை விரிக்கப் பார்த்து, காருக்குள் விரியாமல் மடக்கிவிட்டாள். இரண்டாவது கியரில், மாட்டு வண்டியைப் போல, அடிவாரம் வரை இறங்கினோம். எத்தனையோ வண்டிகள் எங்களை முந்திப் போயின. நான் வெட்கப்படவில்லை.

வத்தலக்குண்டை நெருங்கும்போது அண்ணனின் டெலிபோன் மணி அடித்தது. மதினிதான். பேசி முடித்தவன் ஜீப்பிலிருந்து கையை வெளியே நீட்டி ஆட்டினான். சிக்கலில் மத்தியானத்திலிருந்து நல்ல மழையாம். விதைத்த புழுதி நனைந்துவிட்டதாம்.

அம்மா ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “மழை விட்டதும் போவோம், மழை விட்டதும் போவோம்னு எத்தனை வருஷத்தை ஓட்டிட்டார் அந்த மனுஷர்! இப்போ பாரு, மழையோடவே போயிட்டு வந்தாச்சு.”