இடுப்பில் தொங்கும் எல்லா வளையமும் உயிர் காக்காது

பாறையேறும் ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டை வாங்கினால் கூடவே ஒரு மடித்த காகிதம் வரும். பாதிப் பேர் அதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஹார்னஸின் இரு பக்கமும் சாமான் மாட்ட இருக்கிற கியர் லூப் எவ்வளவு எடை தாங்கும் என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பல தயாரிப்புகளில் 5 கிலோ, சிலவற்றில் 10. அதே ஹார்னஸின் முன்பக்கம் தடித்த நாடாவை மடித்துத் தைத்த பிலே லூப் இருக்கிறது. ஈ.என். 12277 என்ற ஐரோப்பியத் தரம் அதை 15 கிலோநியூட்டன் விசையில் சோதிக்கச் சொல்கிறது. சுமார் ஒன்றரை டன் எடைக்குச் சமம். இந்த இரண்டு வளையங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

ஆபத்து அந்த ஒரு சாணில்தான். ஏறி முடித்து நிலைப்புள்ளிக்கு வந்திருப்பீர்கள். கை சோர்ந்திருக்கும், இருட்டத் தொடங்கியிருக்கும், குளிருக்குப் போட்ட மேல்சட்டை ஹார்னஸை மூடியிருக்கும். உங்களைப் பாறையோடு பிணைக்கும் ஸ்லிங் நாடாவின் கேராபினர் கொக்கியை மாட்டுகிறீர்கள். 'கிளிக்' சத்தம் கேட்கிறது. பிலே லூப்பில் மாட்டினாலும் கியர் லூப்பில் மாட்டினாலும் அதே சத்தம்தான். எதில் மாட்டினோம் என்பது உடல் எடையைப் போட்டுச் சாயும்போதுதான் தெரியும். ஹார்னஸில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், சட்டையைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள். கயிற்றில் இருக்கும்போதே புதிய பிணைப்பில் எடையைப் போட்டுப் பாருங்கள். முதுகுப் பக்கம் கயிறு இழுத்துச் செல்ல இருக்கிற வளையமும் பல ஹார்னஸ்களில் ஆளைத் தாங்க அல்ல. மெட்டோலியஸ் நிறுவனத்தின் சேஃப் டெக் வகையில் கியர் லூப்புக்கே 10 கிலோநியூட்டன் தாங்குதிறன் உண்டு. ஆனால் அது விதிவிலக்கு. அதைப் பார்த்துப் பழகிய கை வேறு ஹார்னஸிலும் அப்படியே மாட்டிவிடும் என்பதால், ஆளை மாட்ட கியர் லூப் என்ற பழக்கமே வேண்டாம் என்பது என் கட்சி.

கியர் லூப்பில் சாமான்களை வரிசைப்படுத்துவதை அழகுக்கான வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. போல்ட் அடித்த பாதையில், கயிற்றைப் போல்ட்டோடு இணைக்கும் குயிக்டிராக்களை இரு பக்கமும் பாதிப் பாதி மாட்டினால் கதை முடிந்தது. பாறை வெடிப்பில் நட்டு, கேம் என்ற பிடிமானக் கருவிகளைத் தானே சொருகிக்கொண்டு ஏறுகிறவருக்கு அப்படியில்லை. ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, பார்க்காமலே சரியான அளவைத் தேடி எடுத்தாக வேண்டும். கேம்கள் ஒவ்வொன்றும் தனிக் கேராபினரில், முன்பக்க லூப்களில், சிறியதிலிருந்து பெரியது வரை. கேமலாட் வகைக் கேம்களின் அளவு எண்கள்: ஊதா 0.5, பச்சை 0.75, சிவப்பு 1, மஞ்சள் 2, நீலம் 3. நிறம் மனப்பாடமானால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. நட்டுகளை ஐந்தாறாகச் சேர்த்து ஒரு கேராபினரில் மாட்டுவது வழக்கம். எல்லாவற்றையும் ஒன்றிலேயே கோத்தால், அது கைநழுவும்போது மொத்தமும் போகும். கீழே நிற்பவர் தலைக்கும் ஆபத்து. கேராபினரின் வாய் உடலைப் பார்த்து இருக்கட்டும், விரலுக்கு எட்டும். நீண்ட ஸ்லிங்கை மடக்கி மாட்டுங்கள்; முழங்காலுக்குக் கீழே தொங்கினால் காலில் சிக்கும். பிலே சாதனம், பிரூசிக் கயிறு, கூடுதல் பூட்டுக் கேராபினர்கள் பின்னால் போகலாம். நடு முதுகில் மட்டும் கனமான உலோகம் வேண்டாம். விழுந்து பாறையில் மோதும்போது அது முதுகெலும்பில் குத்தும்.

பொருள் கெட்டுப்போவதும், பொருளைத் தப்பாகக் கோப்பதும் வேறு வேறு ஆபத்துகள். முதலாவதற்கு டாட் ஸ்கின்னர். யோசெமிட்டியின் சலாதே பாதையைப் பால் பியானாவுடன் 1988இல், கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகால் வலிமையால் ஏறிய அமெரிக்கர். 2006 அக்டோபரில், அதே பள்ளத்தாக்கின் லீனிங் டவரில் கயிற்றில் இறங்கும்போது, தேய்ந்துபோன பிலே லூப் அறுந்து இறந்தார். புது ஹார்னஸுக்கு அதற்குள் சொல்லி வைத்திருந்தார். இரண்டாவதற்கு டிட்டோ டிராவெர்சா என்ற 12 வயது இத்தாலியச் சிறுவன். 2013 ஜூலையில், பிரான்ஸின் ஓர்பியரில் ஏறும்போது விழுந்து உயிரிழந்தான். குயிக்டிராவில் கேராபினர் புரளாமல் இருக்க ஒரு சிறு ரப்பர் வளையம் போடுவார்கள். கேராபினர் நாடாவின் கண்ணிக்குள் நுழைந்திருக்க வேண்டும். ரப்பர் அதைப் பிடித்து வைக்க மட்டும்தான். அவனிடம் இருந்த பலவற்றில் கேராபினர் ரப்பருக்குள் மட்டும் போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பயிற்சியாளர்களோடு, ரப்பர் தயாரித்தவர், விற்றவர் வரை இத்தாலியில் விசாரணை நீண்டது.

இந்தியாவிலும் சட்டம் இந்த எல்லோரையும் தொடுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் சுவரேறிப் பழகி, ராமநகரத்துக்கும் பாதாமிக்கும் பாறையேறப் போகிற இளைஞர்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பழுதான பொருளால் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதைச் சொல்கின்றன. பிழையான தயாரிப்பு மட்டுமல்ல, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையைக் கொடுக்காததும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும். பொருளைக் கோப்பதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டாத விற்பனையாளரும் மாட்டுவார். இன்னொரு பக்கமும் உண்டு. பொருளை நீங்களே மாற்றியிருந்தாலோ முறைகேடாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்பனையாளர் மேல் வழக்கு நிற்காது. கியர் லூப்பை வெட்டி நீட்டுவது, கிழிசலைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது எல்லாம் உயிரோடு வழக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

வாடகைக்கு எடுத்தால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: தயாரித்த ஆண்டு என்ன, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? நைலான் பொருளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அதிகபட்ச ஆயுள் 10 ஆண்டு, அலமாரியிலேயே இருந்தாலும் சரி. உள்பக்கச் சீட்டு கிழிந்து ஆண்டே தெரியாத ஹார்னஸை மாட்டச் சொன்னால் மறுப்பது உங்கள் உரிமை. "ஏதாவது நடந்தால் நான் பொறுப்பு" என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நடத்துகிறவர்கள் பேசுவார்கள். கையெழுத்துப் போட்டதாலேயே, கவனக்குறைவான சேவைக்கு எதிராகப் புகார் செய்யும் உரிமை போய்விடாது. நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச நிபந்தனையை மாநில நுகர்வோர் ஆணையம் செல்லாது என்றே அறிவிக்க முடியும்.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதிலும் கவனம் தேவை. தன் பெயரில் போலிச் சாதனங்கள் உலவுவதாக, ஏறுசாதனங்கள் தயாரிக்கும் பெட்ஸல் நிறுவனம் 2011இல் எச்சரித்தது. சி.ஈ. முத்திரையோடு நான்கு இலக்க எண், தர எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டட வேலைக்கான முழு உடல் ஹார்னஸ் வேறு தரத்துக்கு உட்பட்டது. பாறைக்கு அது மாற்று அல்ல. நல்ல நிறுவனங்களும் பிழை செய்யும். பிளாக் டயமண்ட் 2016இல் கேம், கேராபினர், ஸ்லிங் எனப் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அப்படி அறிவிப்பு வந்தால் உங்கள் பொருளும் அதில் அடங்குமா என்று அறிய, பொருள் மீதுள்ள தொகுதி எண் வேண்டும். அதையும் ரசீதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், பழுதான பொருளை "பார்த்துச் சொல்கிறோம்" என்று கேட்கும் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து, கழுவாமல், உலர்ந்த பையில் போட்டு மூடி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கால வரம்பு இரண்டு ஆண்டு. பொருளின் பழுதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அப்போது அந்த அறுந்த நாடா உங்கள் கையில் இருக்க வேண்டும்.