இழுக்கும்… நிறுத்துமா?

டிராக்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.?" அடுத்த கேள்வி, "எத்தனை டன் இழுக்கும்?" விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் ஊரில் தெரியும். கரும்பு சீசனில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் ஓட்டுநர் சாவகாசமாக இறங்கி வருவார். "சார், ஐம்பது ஹெச்.பி. வண்டி. பத்து டன் அசால்ட்டா இழுக்கும்" என்பார். "இழுக்கட்டுங்க, நிறுத்துமா?" என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பதிவு.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தான் சுமை ஏற்றுவதற்காகக் கட்டப்படாத வண்டிதான் டிராக்டர். சுமை ஏற்றுவது பின்னால் வரும் பெட்டி. ஆகவே சட்டத்தின் கணக்கில் அவை இரண்டு வண்டிகள், இரண்டு ஆர்.சி. நம் ஆட்கள் டிராக்டரைக் கடன் போட்டு, பதிவு செய்து, சந்தனம் குங்குமம் வைத்து ஓட்டி வருவார்கள். பெட்டியை மட்டும் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் சல்லிசாக அடித்துக்கொள்வார்கள். ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரின் சான்று இல்லாத அந்தப் பெட்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய முடியாது. பதியாத பெட்டிக்கு இன்ஷூரன்ஸும் கிடைக்காது. பதிந்த பெட்டியிலும் எண் எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. பெட்டியின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் வர வேண்டும். பின்பக்கம் எழுத வேண்டியது, அதை இழுத்துப் போகும் டிராக்டரின் எண். இதைச் சரியாக எழுதியிருந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விவசாய டிராக்டர், விதிகளின்படி போக்குவரத்து வாகனம் அல்ல. அதனால்தான் வெள்ளை நம்பர் பிளேட். லாரிக்காரரைப் போல எஃப்.சி.க்கு அலைய வேண்டாம், பெர்மிட் வேண்டாம். பதிவு 15 வருஷம் செல்லும். "பதினைந்து வருஷம் முடிஞ்சா வண்டியை உடைச்சிடுவாங்களாமே சார்?" என்று இப்போதும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். வண்டியைக் காட்டி, ஆய்வில் தேறினால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமத்திலும் பெரிய சிக்கல் இல்லை. வெறும் எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகுரக வாகனம்தான். பெட்டியை மாட்டிவிட்டார் என்பதற்காக டிராக்டர் உரிமம் வைத்திருப்பவரின் தகுதி போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே சொல்லிவிட்டது.

இத்தனை சலுகையும் விவசாயத்துக்குத்தான். சொந்த நெல்லையும் எருவையும் ஏற்றும் வரை பிரச்சினை இல்லை. வேலை ஓய்ந்த மாதங்களில் வாடகைக்கு மண் அடிக்கவும், சூளைக்குச் செங்கல் ஏற்றவும் அதே வண்டி போகிறது. மாதத் தவணை கட்ட வேண்டுமே, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் டிராக்டரும் பெட்டியும் சேர்ந்து சரக்கு ஏற்றும்போது அது சரக்கு வாகனம் என்று 2005இல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஓட்டுவதென்றால் மஞ்சள் பிளேட், பெர்மிட், எஃப்.சி. எல்லாம் வேண்டும்.

அபராதத்தை எப்படியோ கட்டிவிடலாம். விபத்துதான் குடும்பத்தைச் சாய்க்கும். 2007இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கில், மண் ஏற்றிய டிராக்டர் பெட்டியில் உட்கார்ந்து சூளைக்குப் போன கூலித் தொழிலாளி படுகாயம் அடைந்திருந்தார். பாலிசி விவசாய உபயோகத்துக்கு மட்டும் எடுத்தது. செங்கல் சூளைக்கு மண் கொண்டுபோவது விவசாயம் ஆகாது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். அந்த ஏழையை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கம்பெனி முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் சுமை இறங்கியது உரிமையாளர் தலையில்தான். நடவு ஆட்களையும் திருவிழாக் கூட்டத்தையும் பெட்டியில் ஏற்றிப் போகிறவர்கள் இந்த வழக்கை ஒரு தரம் கேட்டு வைக்க வேண்டும். டிராக்டரில் இருக்கை ஓட்டுபவருக்கு மட்டும்தான், பெட்டி சாமானுக்கு.

இனி எடை. எவ்வளவு ஏற்றலாம் என்பது டிராக்டரின் ஹெச்.பி.யில் இல்லை, பெட்டியின் ஆர்.சி.யில் இருக்கிறது. அதில் இரண்டு எண்கள்: வெறும் எடை, சுமையோடு சேர்த்த மொத்த எடை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது ஏற்றக்கூடிய பாரம். வெறும் எடை ஒன்றரை டன், மொத்த எடை ஆறு டன் என்று எழுதியிருந்தால் நாலரை டன் ஏற்றலாம். கரும்பு கூடுதலாக நிற்கட்டும் என்று பக்கத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து உயர்த்துகிறார்கள் பாருங்கள், அதுவே தனிக் குற்றம். ஆர்.சி.யில் உள்ளதைவிட வெறும் எடை கூடினாலும் வண்டி சாலைக்கு வரக் கூடாது என்கிறது பிரிவு 113. "டிரைவர் செய்தான், எனக்குத் தெரியாது" என்று உரிமையாளர் அதில் எளிதாக நழுவவும் முடியாது. அவருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

அந்தப் பெட்டியில் எட்டரை டன் கரும்பு ஏற்றினால் மொத்தம் பத்து டன், அதாவது நாலு டன் அதிகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 194 விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய், அதன்மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆக 28,000. அதிகப்படியை இறக்கும் கூலியும் உங்களுடையது, இறக்காமல் வண்டி நகராது. எடை மேடைக்கு வர மறுத்தால் 40,000.

நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாதாரண விவசாய டிராக்டர் சுமார் இரண்டு டன் கனம். அதன் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். பிரேக் பெடல் இரண்டு: இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் தலைமாட்டில் திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தினால் வண்டி நின்ற இடத்திலேயே வளையும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சாலைக்கு ஏறுமுன் இரண்டையும் கொண்டியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். நான் நிறுத்திப் பார்த்த வண்டிகளில் கொண்டி துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டிகள் பலவற்றில் தனி பிரேக்கே கிடையாது. பத்து டன் பெட்டி பின்னாலிருந்து தள்ள, இரண்டு டன் டிராக்டரின் ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்தால், வண்டி குறுக்கே மடங்கிக் கவிழும். பாலத்து இறக்கங்களில் நடப்பது இதுதான். ஏற்றத்தில் கதை வேறு. ஒற்றை அச்சுப் பெட்டியின் பாரம் கொக்கியை அழுத்த, டிராக்டரின் மூக்கு மேலே எழும். முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்காது. எத்தனை ஹெச்.பி. இருந்தும் அந்த நேரத்தில் உதவாது.

சாலைக்கும் கேடுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வண்டிகளை ஓட்டி ஓட்டிச் சாலை தேய்வதை அளந்தார்கள். அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் சுமார் பதினாறு மடங்கு ஆகிறது என்பது அதிலிருந்து தெரியவந்த கணக்கு. புதிதாகப் போட்ட கிராமச் சாலை ஒரே கரும்பு சீசனில் பெயர்ந்தால் காண்டிராக்டரைத் திட்டுகிறோம். அவரைத் திட்டக் காரணம் இருக்கலாம். பாதிக் காரணம் நம் பெட்டியில் இருக்கிறது.

இதில் டிரைவரை மட்டும் பிடித்து அபராதம் எழுதிக்கொண்டிருந்த வேலையில் எனக்கு எப்போதும் முழு உடன்பாடு இருந்ததில்லை. கரும்பு வண்டிக்கு வாடகை டன் கணக்கில். நாலு நாலு டன்னாக இரண்டு நடை கொண்டுபோனால் டீசலுக்கே கட்டாது. ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் கிடக்கவும் வேண்டும். ஒரே நடையில் எட்டரை டன் ஏற்றத்தான் பார்ப்பார்கள். ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே பிரிவு 194 பேசுகிறது. ஆலையின் எடை மேடைச் சீட்டிலேயே வண்டியின் எடை அச்சாகிறது. அந்தச் சீட்டின் பக்கத்தில் ஆர்.சி.யின் மொத்த எடையையும் அச்சடித்து, வெட்டு உத்தரவு கொடுக்கும்போதே வண்டிக்கு இத்தனை டன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வாடகையை டன்னோடு தூரத்துக்கும் காத்திருப்புக்கும் சேர்த்துக் கட்டட்டும். சாலையில் நின்று கைகாட்டுகிற வேலை பாதியாகக் குறையும்.